ஒத்திக்குப் போன ஜன்னல்

பெரியவர் சாக வேண்டிய அறைக்கு மூன்று லட்சம் என்று விலை படிந்தது. அதிகம் என்று சொல்கிறவர்கள் அந்த அறையின் ஜன்னலைப் பார்த்ததில்லை. குறைவு என்று சொன்னவர் ஒரே ஒருத்தர். அவர் அப்போது அதே அறையில், கட்டிலில், கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு மகளும் மருமகனும் கதவோரம் நின்று காதும் காதும் வைத்ததுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மூணுக்கு ஒத்துக்கிட்டாரு. மொத்தமா ஒரே கையில தர்றேங்கறாரு" என்றான் மருமகன்.

"அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நீதான். நான் வாயத் திறந்தா மாமனார வெரட்டுன மருமகன்னு தெரு பேசும்."

"நான் சொன்னா மட்டும் தெரு எனக்கு மாலை போடுமா?"

கட்டிலிலிருந்து குரல் எழுந்தது.

"மூணா? எவன்டா அது, மூணுக்கு முடிச்சது?"

மொத்தக்கடைத் தெருவில் அவரைப் பாதிவிலை என்றுதான் எல்லோரும் சொல்வோம். துணித் தரகு பார்த்தே வயதானவர். விற்கிறவன் எந்த விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். பேரம் படிந்ததும் டீ வாங்கித் தருவார். அதுவும் ஒரு டீயை இரண்டு டம்ளரில். ஆனால் அவர் சொன்ன தேதியில் சரக்கு வந்து இறங்கும். மழை கொட்டினாலும் வண்டி ஓடாவிட்டாலும் இறங்கும். அதனால் அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. பக்கவாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் விழுந்தபோது எதிர்க்கடைக்காரர், "எமனுக்கும் பாதிதான் குடுத்திருக்காரு மனுஷன்" என்றார். சிரிக்கக்கூடாத இடம். ஆனாலும் சிரித்தோம்.

வீடு அவருக்கு முன்னாலேயே விழத் தொடங்கியிருந்தது. கீழே இரண்டு அறை, சமையற்கட்டு. மேலே இரண்டு அறை. அதற்கு மேல், குறுக்கே போட்ட மரத்துலாம்கள் உத்தரமாகத் தாங்கிய பழைய மொட்டைமாடி. சுவரில் சுண்ணாம்பு வெங்காயத்தோல் மாதிரி உரிந்து தொங்கியது. மேல் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு செங்கல் கழன்று, கீழே நின்றிருந்த யாரோ ஒருவரின் பைக் கண்ணாடியில் விழுந்த மறுவாரம், நகராட்சி நோட்டீஸ் வந்தது. மழைக்காலத்துக்குள் பழுது பார்க்காவிட்டால் ஆபத்தான கட்டடம் என்று சீல் வைப்போம் என்றது நோட்டீஸ்.

மகள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மருமகன் சொந்தமில்லாத வேன் ஓட்டுகிறவன். இரண்டு சம்பளத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டு வங்கிக்குப் போனார்கள். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கட்டடம் ரொம்பப் பழசும்மா. இந்த நிலமையில ஈடா எடுத்துக்க முடியாது. கொஞ்சம் ரிப்பேர் பண்ணிட்டு வாங்க."

"ரிப்பேர் பண்ணத்தான் சார் கடன் கேக்கறோம்."

"அதான் சொல்றேன். பண்ணிட்டு வாங்க, தர்றோம்."

விற்றுவிடலாம் என்றால், வந்தவர்கள் வீட்டுக்கு விலை சொல்லவில்லை. இடிக்கிற கூலியைக் கழித்துக்கொண்டு மண்ணுக்கு விலை சொன்னார்கள்.

அப்போதுதான் மகளுக்கு ஒத்தி யோசனை தோன்றியது. ஒத்தி என்றால் வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது. குடிவருகிறவர் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் இருப்பார். காலி பண்ணும்போது அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தர வேண்டும். அதுவரை பணம் வீட்டுக்காரருக்கு, வீடு வந்தவருக்கு. காதில் கிடந்ததை விற்று மகள் கீழ் முன்னறையைச் சரி பண்ணினாள். அதைச் சைக்கிள்கடைக்காரருக்கு இரண்டு லட்சத்துக்கு ஒத்தி விட்டாள். அந்தப் பணத்தில் கீழ்ப் பின்னறையும் மாடிப்படியும் ஆயின. பின்னறைக்கு ஒரு நர்ஸம்மா வந்தார், ஒன்றரை லட்சம். அது மேல் பின்னறைக்குப் போனது. அங்கே டியூஷன் வாத்தியார் வந்தார், இரண்டு லட்சம். அதிலும் கதவு, குழாய், கக்கூஸ், மேஸ்திரி கூலி என்று எல்லாம் கரைந்தது.

ஒவ்வோர் அறைக்கும் வெள்ளையடிக்க ஆள் வர வர, இவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார்கள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் சமையற்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தார்கள். வீடு கீழேயிருந்து பளபளவென்று புதுசாகி ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர்களுக்குத்தான் அதில் இடமில்லை.

கூரையைத்தான் முதலில் தொட வேண்டும் என்று மேஸ்திரி ஆரம்பத்திலேயே சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் கூரைக்கு மூன்று லட்சம் ஒரே மூச்சில் வேண்டும், கூரையை யாரும் ஒத்திக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் கைக்கு எட்டிய இடத்திலிருந்து தொடங்கினார்கள். கால்சட்டையை முதலில் தைத்துவிட்டுக் குடை வாங்கப் போன கதை. இப்போது மழைக்காலம் தெருமுனையில் நின்றது. மேலே ஒழுகினால் வாத்தியார் அறை நனையும். வாத்தியார் பணத்தைத் திருப்பிக் கேட்டால் நர்ஸம்மா கேட்பார், அவர் கேட்டால் சைக்கிள்கடைக்காரர் கேட்பார். ஐந்தரை லட்சத்தை எந்தச் சுவரைச் சுரண்டிக் கொடுப்பது?

மிச்சமிருந்தது ஒரே அறை. பெரியவருடைய மேல் முன்னறை.

அந்த ஜன்னல் சுவரில் பாதி அகலம். கட்டிலில் படுத்தபடியே மொத்தக்கடைத் தெரு முழுசும் தெரியும். மூட்டை இறங்கும் சத்தத்தை வைத்தே அது பருத்தியா பாலியஸ்டரா என்று சொல்லிவிடுவார். விழுந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த ஜன்னலப் பாத்துக்கிட்டே போயிடணும். வேற எதுவும் வேணாம்மா எனக்கு." மகள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தாள்.

"சொல்லுடி. யாரு அந்த மூணு லட்சம்?" என்றார் பெரியவர் இப்போது.

மகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "பல்செட்டு கட்டறவர்ப்பா. பல் டாக்டருங்களுக்கு செஞ்சு குடுக்கறவரு. அவருக்கு வெளிச்சம் வேணுமாம்."

"வெளிச்சத்துக்கு வெலை போடாம அறைக்கு மட்டும் போட்டியா?"

"அப்பா, நான் உங்ககிட்ட கேக்காம…"

"கேக்கலைன்னு சொல்லலையே. குறைச்சுட்டேன்னு சொல்றேன். நாளைக்கு அவர வரச் சொல்லு. நீ வாயத் தெறக்காத. மாப்ளே, நீங்களும்தான்."

மருமகன் தலையை ஆட்டினான். அவன் அந்த வீட்டில் வாயைத் திறந்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் பல்செட்டுக்காரர் வந்தார். நடுத்தர வயது, மெலிந்த ஆள். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் வாயைப் பார்க்கிற ஆள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கண் தானாக ஜன்னல் பக்கம் போனது.

"டீ போடும்மா" என்றார் பெரியவர். "தம்பி, ஜன்னல் பிடிச்சிருக்கா?"

"வெளிச்சம் பரவாயில்லைங்க ஐயா."

"பரவாயில்லையா? வந்ததுலேருந்து மூணு தடவ பாத்தீங்க. பரவாயில்லாத பொருள எவனும் மூணு தடவ பாக்க மாட்டான். நாலு லட்சம் குடுங்க."

பல்செட்டுக்காரர் எழுந்தே விட்டார். "நாலா! பேசினது மூணுங்க ஐயா."

"பேசினது எங்க வீட்டுப் பொண்ணு. அதுக்குத் துணி தேய்க்கத் தெரியும், விக்கத் தெரியாது. உக்காருங்க, டீ வருது."

"ஐயா, மேல பாருங்க. கறை படம் வரைஞ்ச மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் சுவரு ஊதியிருக்கு."

"கறையப் போக்கத்தான் உங்க காசு. மூணு வருஷம் கழிச்சு உங்க காசு உங்களுக்கு வந்துடும். கறை திரும்பி வராது. இதுல நஷ்டம் யாருக்கு?"

"வட்டி போச்சே ஐயா."

"வாடகையும் போச்சே தம்பி, எனக்கு."

டீ வந்தது. இரண்டு டம்ளரில் ஒரு டீ. பல்செட்டுக்காரர் டம்ளரைப் பார்த்து, ஆள் யாரென்று புரிந்துகொண்டு, மெல்லச் சிரித்தார். பிறகு உண்மையைச் சொன்னார். பல்லின் நிறம் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். இப்போது இருக்கிற இடம் இருட்டு. நிறம் தவறிப்போய் டாக்டர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். அதையும் ஒண்ணாம் தேதிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். "எங்கிட்ட மொத்தமே மூணேகால் இருக்குங்க. அதுக்கு மேல என்னை வித்தாலும் வராது."

"மூணேகால். சரி. கூட ஒரு பல்செட்டு."

"யாருக்கு?"

பெரியவர் விழாத பக்கத்துக் கையால் தன் வாயைக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

மகளால் பேசாமலிருக்க முடியவில்லை. "கஞ்சிதானேப்பா குடிக்கறீங்க? பல்லு எதுக்கு?"

"கஞ்சிக்கு இல்லடி. மேல உங்கம்மா இருப்பா. வாய் நெறையப் பல்லு இருந்தவனக் கட்டிக்கிட்டவ. இப்படிப் போய் நின்னா, யாருய்யா நீன்னு கேட்டு வாசல்லயே நிக்க வெச்சுடுவா."

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தான். பல்செட்டுக்காரர் சிரிக்கவில்லை. தொழில் முறையாகக் கட்டிலருகே குனிந்து, "வாயத் திறங்க ஐயா" என்று ஈறைப் பார்த்தார். "மேலும் கீழும் ஒரு செட்டு. சரி, பண்ணித் தர்றேன்." பிறகு தயங்கினார். "ஆனா ஒண்ணாம் தேதி எனக்கு அறை வேணும். நீங்க…"

தெருவில் யாரோ மூட்டையைப் பொத்தென்று போட்டார்கள்.

"டாக்டர் இந்த மாசம் தாண்டாதுன்னு இவங்ககிட்ட சொன்னாரு" என்றார் பெரியவர். "எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டாரு. விழுந்தது கையும் காலும்தான்னு அவருக்குத் தெரியல. ஒண்ணாம் தேதி காலையில அறை உங்களுது. பாதிவிலை சரக்கு தேதி தவறினதில்ல. மார்க்கெட்டுல கேட்டுப் பாருங்க."

மகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அவள் டம்ளர் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பணம் வந்தது. மேஸ்திரி வேலையைத் தொடங்கினார். மொட்டைமாடியில் பழைய சுண்ணாம்புத் தளத்தைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். கீழே ஒவ்வொரு மரத்துலாமாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, பழையதை உருவிவிட்டு இரும்புத்துலாம் செருகினார்கள். பெரியவரைச் சமையற்கட்டுக்கு இறக்கலாம் என்றதற்கு, தேதி வரைக்கும் அறை தன்னுடையது என்று சொல்லிவிட்டார். கட்டிலைச் சுற்றி முட்டுக்கம்புகள் தோப்பு மாதிரி நின்றன. மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதில் செங்கல் தூளும் சுண்ணாம்பும் சடசடவென்று விழுந்துகொண்டே இருந்தன.

"மேஸ்திரி, அந்த ரெண்டாவது கம்பு ஆடுது."

"ஆடலைங்க பெரியவரே, நீங்க ஆடறீங்க."

"நான் ஆடினா பரவாயில்ல. காசு குடுத்த கம்பு ஆடக்கூடாது. மணல் என்ன வெலை எடுத்தீங்க?"

மேஸ்திரி விலை சொன்னார். பெரியவர் அதில் பாதியைச் சொன்னார். மேஸ்திரி கடப்பாரையை ஊன்றி நின்று சண்டைக்கு வந்தார். சிமெண்ட், ஜல்லி, சாந்துச்சட்டி தூக்குகிற பெண்களின் கூலி என்று தினமும் ஒரு தலைப்பு கிடைத்தது. கூலியில் மட்டும் அவர் குறைக்கச் சொல்லவில்லை. "அந்தப் பொம்பளைங்க ஏறி இறங்கறது எனக்குக் கேக்குது, மேஸ்திரி. அதுல கை வெக்காதீங்க" என்றார்.

ஜன்னலுக்கு மேலிருந்த துலாம் பூச்சுக்குள் மறைந்திருந்தது. பூச்சை உடைத்ததும் உள்ளே கறையான் தின்ற வெறும் தோல்தான் இருந்தது. அதை மாற்ற இருபத்தைந்தாயிரம் கூடுதலாக ஆகும் என்றார் மேஸ்திரி. மருமகன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பெரியவர் விழாத கையைத் தூக்கி, "அந்தக் கால் லட்சம் எதுக்குன்னு நெனச்சீங்க மாப்ளே? எடுத்துக் குடுங்க" என்றார்.

இதற்கிடையில் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. ஆள் தேற ஆரம்பித்தார்.

பேரம் அவருக்கு மருந்தாகிவிட்டது. முதுகுக்குத் தலையணை வைத்தால் உட்கார்ந்தார். கஞ்சியைக் குறை சொன்னார். குறை சொல்கிற அளவுக்கு ருசி திரும்பியிருந்தது. டாக்டர் வந்து நாடி பார்த்து, "ஆச்சரியமா இருக்கே" என்று சிரித்துக்கொண்டே போனார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது மருமகன், "நல்லா இருக்காரே" என்று முணுமுணுத்தான். சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

மகளுடைய நிலைமை அதைவிட மோசம். ஒரு நாள் கஞ்சியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள் கையைப் பாதியில் நிறுத்தினாள். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று மனசு சொல்லியிருந்தது. ஏன் போதும் என்று அதே மனசு கேட்டது. பாத்திரத்தில் இருந்த பால் முழுவதையும் கஞ்சியில் கொட்டினாள். சட்டியே நிரம்பி வழிந்தது.

"என்னடி, கஞ்சியா பாயசமா?" என்றார் பெரியவர்.

"குடிங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மாசக் கடைசி வந்தது. மேலே புதுத் தளம் போட்டுத் தண்ணீர் தேக்கி வைத்திருந்தார்கள். முட்டுக்கம்புகளை எடுத்தாயிற்று. அறைக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. பெரியவர் அதன் நடுவில் தெளிவாக உட்கார்ந்திருந்தார். மகள் வேலையிலிருந்து வரும் வழியில் பல்செட்டுக்காரரைப் போய்ப் பார்த்தாள். அவர் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொல்வதற்குள் அவரே, "தெரியும்மா. தெருவே சொல்லுது. நான் பெட்டிகள வீட்டு வராந்தாவுல போட்டுக்கறேன். அவரு இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். "பல்லுக்கு அச்சு எடுத்துட்டேன். மெழுகுல அடுக்கியும் பாத்துட்டேன். அதையும் முடிச்சுடறேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து மருமகனிடம் சமையற்கட்டில் வைத்து ரகசியமாகச் சொன்னாள். அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று மாடிக்கு ஏறாமல் இருந்ததே இல்லை.

"ஏண்டி, இங்க வா."

போனாள்.

"என் பேச்சுக்கு நீ தவணை வாங்கிட்டு வந்தியா?"

"அவரே சொன்னாருப்பா. இருக்கட்டும்னு."

"அவரு நல்லவரு. அதுக்காக நான் கெட்டவனாகணுமா? காச வாங்கிட்டேன். காசு மேல தளமா நிக்குது. சரக்கக் குடுக்கலேன்னா என்னை என்னன்னு சொல்லுவான் மார்க்கெட்டுல?"

"மார்க்கெட்டுல யாருப்பா இருக்கா இப்ப? உங்களத் தெரிஞ்சவங்க பாதிப்பேரு செத்துட்டாங்க."

"அப்ப மீதிப் பாதி இருக்கில்ல?"

ஒண்ணாம் தேதி காலையில் அவரே முகம் துடைத்துக்கொண்டார். சைக்கிள்கடைக்காரரையும் மருமகனையும் கூப்பிட்டு, நாற்காலியோடு தூக்கச் சொன்னார். எங்கே இறக்குவது என்று கேட்டதற்கு, மாடிப்படிக்கு அடியில் என்றார். சமையற்கட்டில் இருவர் படுக்கவே இடமில்லை. வீட்டில் மிச்சமிருந்தது பழைய டப்பாவும் துடைப்பமும் கிடக்கிற அந்த முடுக்கு மட்டும்தான்.

மகள் வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"விட மாட்டேன். ஜன்னலப் பாத்துக்கிட்டே போகணும்னீங்க. சத்தியம் பண்ணினேன். இப்ப உங்கள அந்தப் பொந்துல வெச்சா, காலம் பூரா நான்தான் தள்ளுனதா இருக்கும்."

"நீ எங்க தள்ளுன? நீ பேசினது மூணு. அந்த வெலை படியலை. மூணேகாலுக்கும் ஒரு பல்செட்டுக்கும் வித்தது நான். வித்தவன் பேருலதான் வியாபாரம். உன் பேரு இதுல எங்கயும் கெடையாது. வழிய விடு."

அவள் கைகள் தாமாக இறங்கின. சைக்கிள்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். உடனே எண்ணெய்க் கை என்று ஞாபகம் வந்து சட்டையில் தேய்த்துக்கொண்டார். நாற்காலி படியில் இறங்கியது. வளைவில் பெரியவர் ஒரு முறை தலையைத் திருப்பினார். புது வெள்ளையில் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

படிக்கு அடியில் கட்டிலைப் போட்டு, ஒரு பல்பும் மாட்டிக் கொடுத்தார்கள். பார்ப்பதற்குப் படியின் அடிப்பக்கம் மட்டும் இருந்தது. யாராவது ஏறினால் அவர் முகத்துக்கு நேர் மேலே காலடி விழும். முதலில் அதையும் தொழிலாக்கிக்கொண்டு, காலடியை வைத்தே ஆளின் சேதி சொன்னார். "வாத்தியாருக்கு இன்னிக்கு சம்பளம் வரல." "துணி காயப்போட ஏறுற நர்ஸம்மாவுக்குக் காலு வலிக்குது, மருந்து போட்டுக்கச் சொல்லு." மகள் வேலைக்குக் கிளம்பும் முன் அவளிடம், "தெருவுல என்ன எறங்குது, பாத்துட்டு வா" என்பார்.

தெரு தெரிய வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். அவள் பிறந்து வளர்ந்த அறையின் கதவைத் தட்டி, "கொஞ்சம் ஜன்னல் பாத்துக்கறேங்க" என்று கேட்டு நின்றாள். பல்செட்டுக்காரருக்கு அது தாங்கவில்லை. இரண்டாம் முறை அவள் ஏறுவதற்கு முன்பே அவர் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் படியருகே வந்து குனிந்து கத்தினார்: "ஐயா, ரெண்டு வண்டி! நீல மூட்டை!"

"என்ன வெலையாம்?" என்று கீழேயிருந்து பதில் வரும்.

"அது எனக்கெப்படிங்க தெரியும்?"

"ஜன்னல வெச்சுக்கிட்டு வெலை தெரியலேன்னா என்ன பிரயோஜனம்?"

பிறகு மழை வந்தது. நன்றாகவே வந்தது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவரவர் அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு இல்லை. வாத்தியார் நாற்காலியில் ஏறித் துலாமைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று கத்தினார். நகராட்சி ஆள் குடையோடு வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார். அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் பார்த்து நாளாயிற்று.

தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை. தெருவிலிருந்து வாசற்படி தாண்டி, படிக்கு அடியில் நுழைந்தது. வீட்டிலேயே அந்த ஓரிடத்தைத்தான் யாரும் பழுது பார்க்கவில்லை. அதற்கு யாரும் ஒத்தி தர மாட்டார்கள். மகள் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தினாள். உயர்த்த உயர்த்தப் படி அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. நர்ஸம்மா நீராவி பிடித்தார், ஊசி போட்டார், பிறகு மகளைத் தனியாக அழைத்துத் தோளில் கை வைத்தார்.

மழை சற்று விட்ட காலையில் பெரியவர் உதட்டை அசைத்தார். மகள் காதைக் கொண்டுபோனாள்.

"தெருவுல…"

ஓடினாள். பல்செட்டுக்காரர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஜன்னலில் தொங்கிப் பார்த்துவிட்டு, ஈரப் படியில் வழுக்கிப் பிடித்து இறங்கி வந்தாள்.

"சிவப்பு மூட்டைப்பா. மூணு வண்டி. எதிர்க்கடைக்குத்தான் எறங்குது."

என்ன விலை என்று கேட்பார் என்று காத்திருந்தாள். இந்த முறை எதிர்க்கடையிலேயே கத்திக் கேட்டு, விலையையும் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு பழையபடி ஆன பிறகு, பல்செட்டுக்காரர் ஒரு சின்ன டப்பாவோடு கீழே இறங்கி வந்தார். மகள் சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மருமகன் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கும் போகாமல் நின்றிருந்தான்.

"முடிஞ்சுதும்மா. நல்லா வந்திருக்கு. மழை விட்டு வெயில் வந்தப்புறம்தான் அந்த ஜன்னல் வெளிச்சத்துல நெறம் பாக்க முடிஞ்சுது." டப்பாவைத் திறந்து காட்டினார். மேலும் கீழும், வரிசையாக, குறையில்லாமல் இருந்தது. "இத வாங்கிக்குங்க. என் பக்கக் கணக்கு தீர்ந்துடும்."

அவள் கையை நீட்டவில்லை.

"வாயில மாட்டித் தர்றதாதானே பேச்சு?"

"ஆமாம்மா. ஆனா இப்ப…"

"அப்ப தீரலைங்க. அப்பா குடுக்க வேண்டியத சொன்ன தேதிக்குக் குடுத்துட்டாரு. நீங்க இன்னும் குடுக்கல. உங்க பாக்கியா உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இது வேற யாரு வாய்க்கும் ஆகாதும்மா."

"ஆகக் கூடாதுங்க" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு மேலே போனார். இப்போதும் அந்த டப்பா ஜன்னல் விளிம்பில்தான் திறந்திருக்கிறது. தெருவில் போகிற யாராவது நிமிர்ந்து பார்த்தால், வெயில் பட்டுப் பளிச்சென்று தெரியும். எதிர்க்கடைக்காரர் மட்டும் அந்தப் பக்கம் நிமிர்வதில்லை.

டப்பா திரும்ப மேலே போன அன்று மாலை மகள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, புருஷனிடம் கணக்கை வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சைக்கிள்கடைக்காரருக்கு இரண்டு. நர்ஸம்மாவுக்கு ஒன்றரை. வாத்தியாருக்கு இரண்டு. மேல் அறைக்கு மூன்றேகால். தவணை வரும்போது திருப்ப வேண்டியது எட்டே முக்கால் லட்சம். கையில் இருப்பது ஒன்றுமில்லை. வீட்டில் ஒழுகுகிற இடம் ஒன்றுமில்லை. நமக்கு வர வேண்டியது, பல்செட்டு ஒன்று, மேலும் கீழும்.